வேண்டாம் என்று அனுப்பப்பட்டவர்களின் அணி: போர்ட்லாந்து மேவரிக்ஸைத் தேடிப் பத்து நாள்

ஜூலை 10, புதன். ஹில்ஸ்பரோ

முப்பத்தோராண்டு உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்தவன் நான். ஒவ்வொரு ஆண்டும் கபடிக்கும் பூப்பந்துக்கும் பள்ளி அணி எடுக்கும்போது அறுபது பையன்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். அவர்களில் பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை வகுப்புக்குப் போகச் சொல்ல வேண்டும். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போன அந்த முகங்கள் ஓய்வு பெற்ற பிறகும் என்னை விட்டு அகலவில்லை. நேற்றிரவு, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இந்த ஊரில் இருக்கும் அக்கா மகன் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டிய ஆவணப் படம் என்னைத் தூங்கவிடாமல் செய்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

படம் ஒரு பேஸ்பால் அணியைப் பற்றியது. பெயர் போர்ட்லாந்து மேவரிக்ஸ். மேவரிக் என்றால் சூடு போட்டு அடையாளம் இடப்படாத, எந்த மந்தையிலும் சேராத மாடு என்று பொருள். இந்த அணி 1973 முதல் 1977 வரை ஐந்தே பருவங்கள் ஆடியது. மற்ற அணிகள் கழித்துவிட்டவர்களையும், எவரும் எடுத்துக்கொள்ள முன்வராதவர்களையும் கூட்டிவைத்து ஆடி, ஐந்தில் நான்கு பருவங்களில் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. பிறகு ஒரே குளிர்காலத்தில் இல்லாமல் போனது. அணியைத் தொடங்கியவர் பிங் ரஸ்ஸல் என்ற நடிகர். ‘பொனான்ஸா’ தொலைக்காட்சித் தொடரில் துணை ஷெரீஃபாகப் பல ஆண்டுகள் வந்தவர். நடிகர் கர்ட் ரஸ்ஸலின் தந்தை.

காலையில் காப்பி குடிக்கும்போது, “அந்த மைதானம் எங்கேயப்பா இருக்கிறது?” என்று கேட்டேன். “இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது மாமா. வேண்டுமானால் அவர்கள் பஸ்ஸில் போய் ஆடிய ஊர்களையும் பார்த்துவிட்டு வரலாம், வெள்ளிக்கிழமை விடுப்பு போடுகிறேன்” என்றான். இப்படித்தான் இந்தப் பயணம் முடிவாயிற்று.

ஜூலை 11, வியாழன். போர்ட்லாந்து

அக்கா மகனுக்கு அலுவலகம் இருந்ததால் தனியாகவே ரயிலேறினேன். மேக்ஸ் என்று அழைக்கப்படும் நகர ரயிலில் 2.80 டாலருக்கு ஒரு சீட்டு வாங்கினேன். இரண்டரை மணி நேரத்துக்குச் செல்லும் என்றார்கள். வழியில் மலையைக் குடைந்த சுரங்கப் பாதைக்குள், தரைமட்டத்திலிருந்து 260 அடி ஆழத்தில் ஒரு நிலையம் இருக்கிறது. வெளியே தார் உருகும் வெயில் அடித்தாலும் அங்கே கதவு திறந்தவுடன் கிணற்றுக்குள் இறங்கியதுபோல் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. சுரங்கத்தைத் தாண்டி இரண்டாவது நிறுத்தம் மைதானத்தின் வாசலிலேயே இருக்கிறது.

இன்றைக்கு அதன் பெயர் பிராவிடன்ஸ் பார்க். போர்ட்லாந்து டிம்பர்ஸ், தார்ன்ஸ் ஆகிய கால்பந்து அணிகளின் வீடு. மேவரிக்ஸ் ஆடிய காலத்தில் சிவிக் ஸ்டேடியம் என்று பெயர். 1926இல் கட்டப்பட்ட இந்த மைதானம் தெருமட்டத்துக்கு வெகுகீழே பள்ளத்தில் கிடக்கிறது. டேனர் கிரீக் என்ற ஓடை ஓடிய பள்ளத்தாக்கு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனக் குடியேறிகள் அந்த ஓடைக்கரையில் காய்கறித் தோட்டம் போட்டு, விளைந்ததைக் கூடையில் சுமந்து ஊருக்குள் விற்றிருக்கிறார்கள். ஓடை இப்போது பூமிக்கடியில் குழாய்க்குள் ஓடுகிறது.

உள்ளே விடவில்லை. காவலர் மிகுந்த மரியாதையுடன் இன்று எந்த நிகழ்ச்சியும் இல்லை என்று சொல்லிவிட்டு, எந்தக் கம்பிக் கதவருகே நின்றால் களம் நன்றாகத் தெரியும் என்பதையும் காட்டினார். அங்கே போய்க் கம்பிகளுக்கிடையே முகத்தை வைத்துப் பார்த்தேன். கீழே பச்சைச் செவ்வகமாகக் கால்பந்துக் களம், அதன் மேல் வெள்ளைக் கோடுகள். பேஸ்பாலுக்குரிய வைர வடிவத்தின் சுவடு எதுவும் இல்லை. தென்புறத்தில் பழைய உடற்பயிற்சிக் கழகத்தின் கட்டடம் மட்டும் மைதானத்தை எட்டிப் பார்த்தபடி நிற்கிறது.

எழுபதை நெருங்கும் ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு வந்தவர், நான் அரைமணி நேரமாக ஒரே இடத்தில் நிற்பதைக் கண்டு, “எதைத் தேடுகிறீர்கள்?” என்று கேட்டார். மேவரிக்ஸ் என்றேன். அவர் நாயின் கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். பதினேழு வயதில் தம்பிகளை அழைத்துக்கொண்டு வருவாராம். எந்த மூலையில் உட்கார்ந்தார்கள் என்பதைக் கம்பிக்குள் விரலை நீட்டிக் காட்டினார். “நாங்கள் தோற்றாலும் சண்டை போட்டுத்தான் தோற்போம்” என்றார். அணி போய்க் கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டு ஆகியும், அவர் ‘நாங்கள்’ என்றே பேசினார்.

அந்த ‘நாங்கள்’ எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். போர்ட்லாந்தில் அதற்கு முன் பீவர்ஸ் என்ற அணி, 1903 முதல் சில இடைவெளிகளைத் தவிர்த்துத் தொடர்ந்து, மேஜர் லீக் என்ற முதல்தர ஆட்டத்துக்குக் கீழே பல படிகளாக உள்ள மைனர் லீகின் உச்சப் படியில் ஆடிவந்தது. கூட்டம் குறைந்துபோனதால் 1972 பருவம் முடிந்ததும் அது ஸ்போகேன் நகருக்குப் பெயர்ந்தது. இந்த ஊரில் பேஸ்பால் இனி எடுபடாது என்பதே அன்றைய பேச்சு. அப்படிக் கைவிடப்பட்ட ஊரைத்தான் பிங் ரஸ்ஸல் தேர்ந்தெடுத்து, பல படி கீழே இருந்த நார்த்வெஸ்ட் லீகில் ஓர் அணிக்கு உரிமை வாங்கினார். ஆள் எடுப்பதற்குப் பொதுத் தேர்வு வைப்பதாக அறிவித்தார். யார் வேண்டுமானாலும் வரலாம். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். இரண்டு மூன்று அணிகளிலிருந்து அனுப்பப்பட்டவர்கள், வயதாகிவிட்டது என்று சொல்லப்பட்டவர்கள், தாடி வைத்தவர்கள், பள்ளிக்கூட வேலையையோ மதுக்கூட வேலையையோ விட்டுவிட்டு வந்தவர்கள்.

அவர்களுள் ஜிம் ஸ்வான்சன் என்ற கேட்சர், அதாவது மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிப்பவர், இடக்கைக்காரர். பேஸ்பாலில் இடக்கைக் கேட்சரை யாரும் சேர்ப்பதில்லை. மட்டையாளர்களில் பெரும்பாலோர் வலக்கைக்காரர்கள் என்பதால் மூன்றாவது பேஸுக்கு, அதாவது ஓடுபவர் தொட வேண்டிய மூன்றாவது முனைக்கு, பந்தை எறியும்போது மட்டையாளரின் உடம்பு குறுக்கே நிற்கும் என்பது காரணம். அந்த ஒரு காரணத்துக்காகவே ஒருவனை வாழ்நாள் முழுவதும் வெளியே நிறுத்தலாமா என்பதுதான் மேவரிக்ஸ் எழுப்பிய கேள்வி. அணியின் பொது மேலாளராக லானி மாஸ் என்ற இருபத்து நான்கு வயதுப் பெண்ணை நியமித்ததும் அதே மனப்போக்குதான். 1970களின் நடுவில், ஆண்கள் மட்டுமே உட்கார்ந்த நாற்காலி அது.

மதியம் சாலையோர உணவு வண்டிகளில் ஒன்றில் சோறும் கோழிக்கறியும் 13 டாலருக்கு வாங்கினேன். இந்த மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது. பலகையில் போட்டிருந்த விலையையே கொடுத்துவிட்டு வரலாம். நிழலில் உட்கார்ந்து சாப்பிடும்போதும், கம்பிக்குள் நீண்டிருந்த அந்த விரலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 12, வெள்ளி. வாலா வாலா

விடியற்காலையில் புறப்பட்டோம். கொலம்பியா ஆற்றை ஒட்டிக் கிழக்கே போகும் சாலையில் முதல் ஒரு மணி நேரம் இருபுறமும் பச்சை மலை, அருவி. அதன் பிறகு யாரோ கோடு கிழித்ததுபோல் பச்சை நின்று, காய்ந்த புல் மூடிய மொட்டைக் குன்றுகள் தொடங்கிவிடுகின்றன. சாலையோரக் கடையில் மஞ்சளும் சிவப்பும் கலந்த செர்ரிப் பழம் வாங்கினோம். கடைக்கார அம்மாள் எடை போட்ட பிறகு இன்னும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். கொசுறு போடும் வழக்கம் இங்கேயும் இருப்பதைப் பார்த்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

நான்கரை மணி நேரத்தில் வாலா வாலா வந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் கோதுமை நாட்டில், இனிப்பு வெங்காயத்துக்குப் பேர்போன சிற்றூர். நண்பகலில் வெப்பம் 39 பாகையைத் தொட்டது. எங்கள் ஊர்ச் சித்திரை வெயில் எனக்குப் பழக்கம்தான். ஆனால் துளி ஈரமும் இல்லாத இந்த வெயிலில் உதடு வெடித்துவிடுகிறது. காரின் பின்பக்கம் வைத்திருந்த தயிர்ச்சோறு புளித்துப் பொங்கி, டப்பாவின் மூடியைத் தள்ளிக்கொண்டு இருக்கை முழுவதும் வழிந்திருந்தது. அதைத் துடைத்துக் கழுவவே ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு ஓர் உணவகத்தில் வட்டமாக நறுக்கிய பச்சை வெங்காயம் வைத்த ரொட்டி சாப்பிட்டோம். கண்ணில் நீர் வரவில்லை. ஆப்பிளைக் கடிப்பதுபோல் கடிக்கலாம்.

இவ்வூரின் மைதானம் போர்லெஸ்கி ஸ்டேடியம். அதுவும் 1926இல் கட்டியதே. இப்போது கல்லூரி மாணவர்கள் கோடையில் ஆடும் ஓர் அணி இதைப் பயன்படுத்துகிறது. வேலியோரம் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த இளைஞனிடம் விவரம் சொன்னோம். அவன் மேவரிக்ஸ் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் குழாயை மூடி வைத்துவிட்டு வந்து கதவைத் திறந்துவிட்டான். புல்லை மட்டும் மிதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

மேவரிக்ஸ் தன் வாழ்வின் முதல் ஆட்டத்தை வாலா வாலா பாட்ரெஸ் அணியுடன்தான் ஆடியது. அன்று ஜீன் லாந்தார்ன் என்ற பந்து எறிபவர் எதிரணிக்கு ஒரு ‘ஹிட்’கூட, அதாவது பந்தை அடித்துவிட்டு பேஸுக்குப் போய்ச் சேரும் வாய்ப்பை ஒருமுறைகூட, கொடுக்கவில்லை. பல பிட்சர்கள் ஆயுள் முழுவதும் எறிந்தும் காணாத சாதனை அது. கழித்துவிடப்பட்டவர்களின் அணி அதைத் தன் முதல் நாளிலேயே செய்துகாட்டியது.

எதிரணியின் நிலைமை வேறு. பாட்ரெஸ், சான் டியேகோவில் உள்ள மேஜர் லீக் சங்கத்துக்குக் கட்டுப்பட்ட அணி. அமெரிக்காவில் மைனர் லீக் அணிகள் அநேகமாக எல்லாமே அப்படித்தான்: ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதும் சம்பளம் கொடுப்பதும் மேலே உள்ள சங்கம், நன்றாக ஆடுகிற பையனைப் பருவத்தின் நடுவிலேயே மேலே கூப்பிட்டுக்கொள்வதும் அதுவே. நம் ஊர் வார்த்தையில் சொன்னால் அவை நாற்றங்கால்கள். நாற்றங்காலில் யாரும் மகசூல் பார்ப்பதில்லை. நாற்று பிடுங்கி வேறு வயலில் நடுவதற்குத்தான் அது இருக்கிறது. அந்த ஏற்பாட்டால் பெரும் ஆட்டக்காரர்கள் உருவானார்கள் என்பதையும் மறுக்க முடியாது. 1977இல் இதே வாலா வாலாவில் ஆடிய ஓஸி ஸ்மித் அடுத்த ஆண்டே மேஜர் லீகுக்குப் போனார். 1981இல் இங்கே தொடங்கிய டோனி க்வின்னும் அவரும் பிற்காலத்தில் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். ஆனால் உள்ளூர்க்காரன் வெற்றிக்காக ஏங்கும்போது, அவன் அணியின் கவனமோ வேறெங்கோ இருக்கும். மேவரிக்ஸோ யாருக்கும் நாற்று வளர்க்காமல், தன் வயலில் தானே விதைத்துத் தானே அறுத்தது. போர்ட்லாந்து மக்கள் அதைப் புரிந்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

கர்ட் ரஸ்ஸலும் ஒரு காலத்தில் இத்தகைய நாற்றுதான். 1971இல் ஓரிகனின் பெண்ட் நகரிலும் 1972இல் இந்த வாலா வாலாவிலும் ஆடி, 1973இல் எல் பாஸோவில் தோளில் காயம்பட்டுத் திரும்பியவர், அந்த ஆண்டே தந்தையின் அணியில் மட்டை பிடித்தார். அவர் கால் பட்டிருக்கக்கூடிய செம்மண் விளிம்பில் நின்று பார்த்தேன். குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை விரலால் தேய்த்தபோது செங்கல்தூள்போல் நரநரவென்று இருந்தது.

ஜூலை 13, சனி. பெல்லிங்ஹாம் போகும் வழி

இதுவரை போனதிலேயே உடம்பை முறித்த நாள் இதுதான். வாலா வாலாவிலிருந்து கனடா எல்லையை ஒட்டிய பெல்லிங்ஹாமுக்கு ஏறக்குறைய 350 மைல். வறண்ட பீடபூமியைக் கடந்து, மலைக்கணவாய் ஏறி இறங்கி, சியாட்டில் நகரின் வாகன நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து போக வேண்டியிருந்தது. குளிரூட்டிய காரிலேயே எனக்கு இடுப்பு விட்டுப்போனது. மேவரிக்ஸ் ஆட்டக்காரர்கள் இந்தத் தூரங்களையெல்லாம் சிவப்புச் சாயம் பூசிய ஒரு பழைய பள்ளிக்கூட பஸ்ஸில் கடந்தார்கள். மாதச் சம்பளம் 300 டாலர். இரவு ஆட்டம் முடிந்து ஏறினால் விடியும்போது அடுத்த ஊர்.

அந்த பஸ்ஸில் 1975இல் ஜிம் பூட்டன் ஏறினார் என்பதை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. நியூயார்க் யாங்கீஸுக்காக 1963இல் 21 ஆட்டங்களை வென்ற பிட்சர்; 1964இல் மேஜர் லீகின் இறுதித் தொடரான உலகத் தொடரில் இரண்டு ஆட்டங்களை வென்றவர். ஆட்டக்காரர்களின் உண்மையான வாழ்க்கையை நாட்குறிப்பாக எழுதி 1970இல் புத்தகமாக்கியதால் பேஸ்பால் உலகின் பெரிய மனிதர்கள் அவர்மேல் கோபம் கொண்டிருந்தார்கள். வயது முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகு, வேகம் போன தோளுடன், சுழலாமல் தள்ளாடி வரும் ‘நக்கிள்பால்’ ஒன்றை மட்டும் நம்பிக்கொண்டு அவர் போர்ட்லாந்துக்கு வந்தார். 1977இலும் மறுபடி வந்தார். 1978இல் மேஜர் லீகுக்கே திரும்பி அட்லாண்டா அணிக்காக எறிந்தார். அந்தக் கதவு அவருக்கு மீண்டும் திறந்ததில் மேவரிக்ஸுக்கும் பங்கு உண்டு.

இரவு ஒன்பதரைக்கு விடுதியை அடைந்தபோது, எங்கள் பெயரில் அறை இல்லை என்றார்கள். இணையத்தில் பணம் கட்டியிருந்தது உண்மை. ஆனால் பதிவு அடுத்த வாரச் சனிக்கிழமைக்கு ஆகியிருந்தது. பணம் திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஊருக்கு வெளியே சாலையோர விடுதி ஒன்றில் 148 டாலரும் வரியும் கொடுத்து ஓர் அறை கிடைத்தது. அக்கா மகன் முகம் வாடிப்போய், “மன்னிச்சுக்கோங்க மாமா” என்றான். “படுக்க இடம் கிடைத்ததே, பேசாமல் தூங்கு” என்று சொல்லி, மீதியிருந்த செர்ரிப் பழங்களை இருவரும் சாப்பிட்டுப் படுத்தோம்.

ஜூலை 14, ஞாயிறு. பெல்லிங்ஹாம்

கடற்காற்று. காலையில் 16 பாகைதான். ஊரிலிருந்து சுமந்து வந்த கம்பளிச் சட்டை இன்றுதான் பயன்பட்டது. மீன் சூப் ஒரு கிண்ணம் 9 டாலர். வெண்ணெயும் உருளைக்கிழங்குமாகக் கெட்டியாக இருந்தது. மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவிக் குடித்தேன்.

ஜோ மார்ட்டின் ஃபீல்ட் என்ற சிறிய மைதானத்தின் வேலிக்கு வெளியே நின்றோம். கென் கிரிஃபி ஜூனியர் தம் தொழில்முறை ஆட்டத்தை 1987இல் இங்கே தொடங்கியதால் பேஸ்பால் அன்பர்கள் இவ்வூரை அறிவார்கள். நான் வந்தது அதற்குப் பத்தாண்டு முந்தைய ஒரு தோல்விக்காக.

1977தான் மேவரிக்ஸின் மிகச் சிறந்த ஆண்டு. 44 வெற்றி, 22 தோல்வி. சொந்த மைதானத்தில் அந்தப் பருவம் முழுவதும் வந்த கூட்டம் ஒன்றேகால் இலட்சம். குறும்பருவ லீகுகளில் அதுவரை எந்த அணியும் காணாத எண்ணிக்கை. இத்தனைக்கும் அதே கோடையில், ஆகஸ்ட் 28 அன்று, அதே சிவிக் ஸ்டேடியத்தில்தான் பெலே தம் கடைசிப் போட்டி ஆட்டத்தை ஆடி நியூயார்க் காஸ்மாஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தார். பேஸ்பால் எடுபடாது என்று கழித்த ஊர், ஐந்தே ஆண்டில் அந்த நிலைக்கு வந்திருந்தது. ஆனால் லீகின் இறுதித் தொடரில் மேவரிக்ஸ் பெல்லிங்ஹாம் மரினர்ஸிடம் தோற்றது. நான்கு முறை பிரிவில் முதலிடம் வந்தும் லீக் கோப்பையை ஒருமுறைகூடத் தொடவில்லை.

அதைவிடப் பெரிய அடி மைதானத்துக்கு வெளியே விழுந்தது. பேஸ்பாலில் ஒவ்வொரு ஊருக்கும் ‘எல்லை உரிமை’ உண்டு. கீழ்ப்படியில் உள்ள அணி ஆடும் ஊரை மேற்படியில் உள்ள லீக் கேட்டால், இழப்பீடு வாங்கிக்கொண்டு விலகித்தான் ஆக வேண்டும். 1972இல் பீவர்ஸுடன் போர்ட்லாந்தை விட்டுப் போன, அந்த அணி ஆடிய பசிபிக் கோஸ்ட் லீக், மேவரிக்ஸுக்குக் கூடிய கூட்டத்தைக் கண்டு, 1978க்கு ஊரைத் திரும்பக் கேட்டது. கரம்பாகக் கிடந்த நிலத்தைக் கொத்திப் பண்படுத்தியவனிடம், விளைச்சலைப் பார்த்த பிறகு, நிலம் எங்களுடையது என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சட்டப்படி சரி என்கிறார்கள். எனக்கு அது இன்னும் மனசு ஆறவில்லை.

பிங் ரஸ்ஸல் அவர்கள் நீட்டிய சிறு தொகையை வாங்க மறுத்து, வழக்கை நடுவர் குழுவின் முன் கொண்டுபோனார். குழு 2,06,000 டாலர் கொடுக்கச் சொன்னது. மைனர் லீக் ஊர் ஒன்றுக்கு அதுவரை எவரும் கொடுத்திராத தொகை. கைவிடப்பட்ட ஊருக்கு அவர்கள் என்ன மதிப்பை உண்டாக்கினார்கள் என்பதற்கு எழுத்தில் கிடைத்த சான்று அது. ஆனால் அணி போய்விட்டது. பீவர்ஸ் திரும்பி வந்து, 1993க்குப் பிறகு மறுபடி போய், 2001இல் வந்து, மைதானம் கால்பந்துக்கென்று மாற்றப்பட்டபோது 2010உடன் ஒரேயடியாகப் போனது.

திரும்பும் வழியில் மழை தூறியது. ஹில்ஸ்பரோ வந்துசேர இரவு பத்து மணி.

ஜூலை 15, திங்கள். ஹில்ஸ்பரோ

ஓய்வு. கால் வீக்கம் இருக்கிறது. மாலையில் மட்டும் நடந்து போய் ஒரு கடையில் ‘பிக் லீக் ச்யூ’ பை ஒன்று வாங்கினேன். இரண்டு டாலர் சொச்சம்.

மேவரிக்ஸ் இவ்வுலகில் விட்டுச் சென்றவற்றில் கையால் தொடக்கூடியது இதுதான். அக்காலத்தில் ஆட்டக்காரர்கள் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு துப்பிக்கொண்டே இருப்பார்கள். அதில் விருப்பமில்லாத ராப் நெல்சன் என்ற இடக்கைப் பிட்சர், 1977இல் மைதானத்தின் ஓரத்தில் தம் முறைக்காகக் காத்திருக்கும்போது, புகையிலைபோலவே துருவிப் பையில் அடைத்த சூயிங் கம் செய்தால் என்ன என்று பூட்டனிடம் சொன்னார். பூட்டன் பணம் போட்டார். முதல் மாதிரியை அணியின் மட்டை எடுத்துக்கொடுக்கும் சிறுவன் டாட் ஃபீல்டின் வீட்டு அடுப்பங்கரையில் தயாரித்தார்கள். அந்தச் சிறுவன் பிற்காலத்தில் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற திரைப்பட இயக்குநர் ஆனார். 1980இல் கடைக்கு வந்த இந்தக் கம் இதுவரை எண்பது கோடிப் பைகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

பையைக் கிழித்தவுடன் திருவிழாக் கடைப் பஞ்சு மிட்டாயின் வாசனை வந்தது. உள்ளே இளஞ்சிவப்பில், தேங்காய்த் துருவலைவிடச் சற்று நீளமான இழைகள். ஒட்டாமலிருக்க மாவு தூவியிருக்கிறது. மூன்று விரலால் அள்ளி, எங்கள் ஊர்ப் பெரியவர்கள் புகையிலை அடக்குவதுபோல் கன்னத்தில் அடக்கினேன். முதலில் உதிரி உதிரியாக நின்றது, மெல்ல மெல்ல உருண்டையாகத் திரண்டது. அக்கா மகனின் ஆறு வயது மகள் கைநீட்டி, “தாத்தா, எனக்கும்” என்றாள். பாதியை அவளுக்குக் கொடுத்தேன்.

ஜூலை 16, செவ்வாய். லெண்ட்ஸ் பார்க்

போர்ட்லாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள லெண்ட்ஸ் பூங்காவில், வாக்கர் ஸ்டேடியம் என்ற சின்ன மைதானத்தில் போர்ட்லாந்து பிக்கிள்ஸ் அணியின் ஆட்டம். கல்லூரி மாணவர்கள் கோடையில் சம்பளமில்லாமல் ஆடும் லீக் இது. அணியின் சின்னம் ஊறுகாய்க்குப் போடும் வெள்ளரிக்காய். அதன் வேடமிட்டவர் குழந்தைகளோடு கைகுலுக்கிக்கொண்டே திரிந்தார்.

மரப்பலகை இருக்கையில் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த குடும்பம், நான் பேஸ்பாலுக்குப் புதியவன் என்று தெரிந்ததும் ஒவ்வொரு இன்னிங்ஸையும் விளக்கிச் சொன்னது. அவர்கள் வாங்கிய வேர்க்கடலைப் பை எங்கள் பக்கமும் வந்து வந்து போயிற்று. எதிரணி ஆட்டக்காரன் ஒருவன் மூன்றாவது பேஸை நோக்கி ஓடியபோது கேட்சரை மட்டுமே கவனித்தேன். பந்து கையுறையில் விழுந்த கணத்தில் எழுந்து, மட்டையாளரைச் சுற்றி ஓரடி விலகி எறிந்தான். பந்து ஒரு இமைப்பொழுது பிந்திப் போனது. இதைத்தான் ஸ்வான்சன் இடக்கையால் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மேவரிக்ஸில் ஜோ கார்சா என்றொருவர் இருந்தார். தொடரின் எல்லா ஆட்டங்களையும் தன் அணியே வாரிச் சுருட்டப்போகிறது என்று தெரிந்தால், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூட்டத்தின் முன் ஆட்டுவார். துடைப்பத்தைத் தூக்கிக் காட்டினால் நம் ஊரில் அடிதடியே நடக்கும். இங்கோ கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்திருக்கிறது. அந்த நிகழ்ச்சிக்கு அவர் பெயரையே போர்ட்லாந்துக்காரர்கள் வழங்கினார்கள்.

பிக்கிள்ஸ் தோற்றது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி. கைசர்

நாளை மறுநாள் விமானம். கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. போர்ட்லாந்துக்குத் தெற்கே ஒரு மணி நேரத்தில் கைசர் என்ற ஊர். நெடுஞ்சாலையை ஒட்டி வால்கேனோஸ் ஸ்டேடியம் இருக்கிறது. சேலம்-கைசர் வால்கேனோஸ் என்பது 1997 முதல் நார்த்வெஸ்ட் லீகில் ஆடிய அணி. பக்கத்தில் உள்ள ஓரிகனின் தலைநகருக்கும் சேலம் என்றுதான் பெயர். 2020க்குப் பிறகு மேஜர் லீக் தன் நாற்றங்கால்களை 160இலிருந்து 120ஆகக் குறைத்தபோது வால்கேனோஸும் கழித்துவிடப்பட்டது. மைதானம் மட்டும் மிஞ்சியது. கழித்துவிடப்பட்ட அந்த இடத்தில், 2021இல், யாருக்கும் கட்டுப்படாத நான்கு அணிகளைக் கொண்ட ஒரு சிறு லீகைத் தொடங்கினார்கள். அதன் பெயரே மேவரிக்ஸ் இண்டிபெண்டெண்ட் பேஸ்பால் லீக். நான்கில் ஒன்று போர்ட்லாந்து மேவரிக்ஸ்.

கூட்டம் அதிகமில்லை. சூரியன் மேற்கே இறங்கி, தூரத்துக் காஸ்கேட் மலைகள் ஊதா நிறமாயின. சூடான ரொட்டியில் வைத்த தொத்திறைச்சி 6 டாலர். பரிமாறிய பாட்டி என்னை ‘ஸ்வீட்ஹார்ட்’ என்று அழைத்து, மேலே வெங்காயம் வேண்டுமா என்று கேட்டார். வாலா வாலா வெங்காயமா என்றேன். ஆமாம் என்றார்.

ஆட்டக்காரர்களில் சிலர் முப்பதை நெருங்குபவர்கள்போல் தெரிந்தார்கள். ஒருவருக்கு நெஞ்சுவரை தாடி. ஏழாவது இன்னிங்ஸில் அவர் மட்டை பிடித்து, பந்தைத் தரையோடு தட்டிவிட்டு, முதல் பேஸுக்கு உயிரைக் கொடுத்து ஓடினார். பந்துதான் முந்தியது, அவர் அவுட். பேஸைத் தாண்டி ஓடிய வேகத்தில் தொப்பி கீழே விழ, திரும்பி வந்து அதை எடுத்துத் தொடையில் இரண்டு தட்டு தட்டி அணிந்துகொண்டு, களத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தபடி இருக்கைக்குப் போனார். நான் எழுந்து நின்று கைதட்டினேன். என்னைப் பார்த்து அக்கா மகனும் எழுந்தான்; முன்வரிசையில் இருந்த இரண்டு பேரும் எழுந்தார்கள்.